சிம்னி கழட்ட வந்தவன்

மாட்டுத்தாவணியிலிருந்து விளாங்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் பூப்பை வைத்திருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்:

“அடுப்படி சிம்னிய சர்வீஸ் பண்ண வந்தவன வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன்க்கா.”

“அய்யய்யோ, எதுக்குடி?”

“நெட்டுல நம்பர் பாத்துக் கூப்பிட்டேன். பிசுக்கேறிப் போச்சு, புகை சரியா இழுக்கலன்னேன். கழட்டிப் பாத்துட்டு, மோட்டார் எரிஞ்சு போச்சு, கடைக்குக் கொண்டு போகணும்ங்கிறான். காலையில தோசை சுடும்போதுகூட ஓடுச்சுக்கா!”

“கேக்க வேண்டியதுதான?”

“கேட்டேன். காதுலயே வாங்காம மோட்டாரப் பைக்குள்ள வைக்கிறான். எட்டிப் பாத்தா, வயர அவனே பிடுங்கி விட்டுருக்கான். வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம்! வாசக்கதவ உள்பக்கமாப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிட்டேன். ஓடின மோட்டார ஓட விட்டுட்டுப் போங்க தம்பின்னேன்.”

“பயமா இல்லயா ஒனக்கு?”

“இல்லாம இருக்குமா? ஜன்னல் வழியா எதிர்வீட்டு அண்ணனக் கூப்பிட்டேன். அவரு வந்து வாசல்ல நின்னாரு, அம்புட்டுத்தான். வயர மாட்டி, பில்டரக் கழுவி, பளபளன்னு வச்சுட்டுப் போனான்.”

மூத்தவர் சிரித்தார். “இப்ப புகைய இழுக்குதா?”

“அன்னைக்கே வரமிளகா வறுத்தேன்க்கா. எங்க வீட்டுக்காரருக்கு வீசிங் இருக்குல்ல, அடுப்படியிலயே உக்காந்து பேப்பர் படிச்சாரு. ஒரு தும்மல் இல்ல.”