நாலு நாளாய்க் கிளம்பாத அம்பாசிடர்

— எரியுதா?

— இல்லீங்க.

— இப்ப?

— இல்லீங்க.

— பல்ப வெய்யல்ல காட்டாத புள்ள, முந்தானைல மறைச்சு வெச்சுப் பாரு. டிஸ்ட்ரிபியூட்டர முடியளவுதான் திருப்பறேன். உள்ள பாயிண்ட் தொறக்கற நேரம் பல்பு பொக்குனு எரியோணும். எரிஞ்ச ஒடனே சொல்லு, அந்த எடத்துல நிறுத்திப் போல்ட்ட முறுக்கிப்போட்டா இஞ்சினுக்குப் பொறி போற டைமிங் முடிஞ்சுது.

— நாலு நாளா இதயேதானுங்க சொல்றீங்க.

— நாலு நாளா நீ சரியாச் சொல்லீருந்தா இந்த அம்பாசிடரு ஓடியிருக்குமில்லொ.

— எம்மேல பழியப் போடாதீங்க. மெக்கானிக் பாலுசாமியக் கூப்புடுங்கன்னேன், கேட்டீங்களா?

— பாலுசாமி வந்தா சும்மா போவானா? முப்பது வருசமாத் தன் வண்டிக்குத் தானே டைமிங் வெச்ச கலீல் பாயிக்கு இன்னைக்கு என்ன வந்துச்சும்பான். எம் மூஞ்சிக்கு நேரா ரெண்டு வெரல ஆட்டிப் பாப்பான். அது வேண்டாம். இப்ப எரியுதா?

— எரியு... எரியுதுங்க.

— நல்லாப் பாத்தியா?

— பாத்தேனுங்க.

— செரி, முறுக்கிப்போட்டேன். நீ சீட்டுல ஏறிச் சாவியத் திருப்பு.

— திருப்பறேனுங்க... யா அல்லா! என்னங்க இப்புடி வெடிக்குது!

— கார்பரேட்டருல தும்முது. நிறுத்து, நிறுத்து.

— ஏனுங் பாய், என்ன ஆச்சுங்க? டமார்னு கேட்டுது, எதுத்த ஊட்டுல இருந்து ஓடியாறேன்.

— வாங்க திருமூர்த்தி தம்பி. ஒண்ணுமில்ல, டைமிங்தான். ஒரு நிமிசத்து வேல.

— அடடா, திங்கக்கெழமையும் அதேதானுங்க சொன்னீங்க! கோவிச்சுக்காதீங் பாய், எங்க கஷ்டம் அப்படி. உங்க வண்டி இல்லாததுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புடிச்ச ஆட்டோக்காரரு நேத்து ஒம்பது புள்ளைங்களையும் அடைச்சுட்டு வந்தாருங்க. எங்க நித்யஸ்ரீ டிரைவரு சீட்டு நுனில தொத்திட்டு வருது. பாத்ததும் எங்கூட்டுல அழுதுபோட்டாங்க.

— மாருதி வேனு ஒண்ணு வருதுன்னாங்களே தம்பி.

— வருதுங் பாயம்மா. அத ஓட்டறவனுக்கு மீசையே சரியா மொளைக்கல. டேப்ப அலற உட்டுட்டுப் பறக்கறான். வேண்டவே வேண்டாமுங்க. இந்தத் தெருவுல எல்லா ஊட்டுலயும் ஒரே பேச்சுத்தான், பாய் வண்டின்னா புள்ளைய ஏத்தி உட்டுப்போட்டு நாம பாட்டுக்கு வேலையப் பாக்கலாம்னு. அதனாலதான் கேக்கறேன், மூணேகாலுக்குப் பள்ளிக்கூடம் உட்டுருவாங்க. ஆட்டோவ இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிப்போடட்டுங்களா?

— சொல்லிப்போடுங்க.

— என்னங்க...

— நீ சும்மா இரு புள்ள. சொல்லீருங்க தம்பி. மூணு மணிக்கு மில்லு சங்கு ஊதறப்ப வண்டி ரோட்டுல இருக்கும்.

— பாயம்மா என்னமோ சொல்ல வந்தாங்களே.

— இல்லீங்க தம்பி... டீ குடிக்கறீங்களான்னு கேக்க வந்தேன்.

— இருக்கட்டுங் பாயம்மா. நீங்க முன் சீட்டுல கூடப் போறதுதான் எங்கூட்டுல பெரிய நிம்மதி. யாருங்க இந்தக் காலத்துல அடுத்தவங்க புள்ளைங்களப் பாத்துக்கறதுக்குன்னே தெனமும் ரெண்டு நேரமும் கூடப் போவாங்க? செரிங் பாய், நான் ஆட்டோவுக்குச் சொல்லிப்போட்டு அப்படியே மத்த ஊடுகள்லயும் சொல்லிப்போடறேன். வாரேனுங்.

— போயிட்டாரா?

— கேட்டச் சாத்திட்டே போறாருங்க. அதுகூட உங்களுக்குத் தெரியல.

— மெதுவாப் பேசு.

— புள்ளைங்களப் பாத்துக்கப் போறனாம்! நான் எதுக்கு அந்த சீட்டுல ஒக்கார்றேன்னு இந்தத் தெருவுல ஒருத்தருக்குத் தெரியுமா? இடப்பக்கம் சைக்கிளு, முன்னால மாட்டுவண்டி, மேடு வருது பிரேக்குப் புடிங்க, பஸ்ஸு வருது ஒதுங்குங்கன்னு சிங்காநல்லூரு முக்குல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் முணுமுணுத்துட்டே வாரேன். புள்ளைங்க என்னமோ நான் ஓதிட்டு வாரேன்னு நெனைச்சுட்டிருக்குதுக.

— நான் கேட்டனா உன்னை?

— நீங்க கேக்கலீங்க. நானாத்தான் வந்து ஒக்காந்தேன். லைசென்சு புதுப்பிக்கப் போறப்ப, கண்ணுப் பரிசோதன போர்டுல இருக்கற எழுத்த ஏழு நாளு ஒக்கார வெச்சு மனப்பாடம் பண்ணி அனுப்புனதும் நாந்தான். பாசாகி வந்தீங்கன்னு சேமியாப் பாயசம் வெச்சேன்.

— உருவம் தெரியுது ரம்ஜானு. நெறம் தெரியுது. ஒரேயடியா இருட்டு ஒண்ணும் இல்ல.

— டாக்டரு சொல்றப்ப நம்ம ரெண்டு பேருந்தான இருந்தோம்? பொரையா இருந்தா உரிச்சுப்போடலாம், இது சக்கரை நரம்பத் தின்னுபோட்டுது, போன பார்வ போனதுதான்னாரு. வண்டி ஓட்டக் கூடாதுன்னாரு. நீங்க தலைய ஆட்டுனீங்க. வெளிய வந்து நேரா டிரைவரு சீட்டுல ஏறுனீங்க.

— கேட்டியா, உருவம் தெரியுதுன்னு சொன்னேன்.

— போன வெள்ளிக்கெழம தெரிஞ்சுதா?

— அதப் பேசாத.

— பேசுவேனுங்க. நித்யஸ்ரீ எறங்குச்சு. அது தண்ணி பாட்டலு உருண்டு வண்டிக்கு முன்னால போச்சு, பாப்பா குனிஞ்சுது. நான் பின்னால திரும்பிச் சின்னதுகளுக்குப் பைய எடுத்துக் குடுத்துட்டிருந்தேன். நீங்க கியரப் போட்டு நகத்தீட்டீங்க. கூட எறங்குன நிதீஷ் பையன் மட்டும் கத்தலீன்னா... ஒரு சாணுங்க. பம்பருக்கும் அந்தப் பாப்பா தலைக்கும் ஒரே சாணு.

— ஒண்ணும் ஆகலீல்ல?

— அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க. வந்து கையக் கழுவிட்டு நீங்க பாட்டுக்குச் சோறு தின்னீங்க. எனக்கு இன்னும் எறங்க மாட்டேங்குது. அவங்கப்பன் இப்ப வந்து என்னைக் கையெடுத்துக் கும்புடாத கொறையாப் பேசிட்டுப் போறாரு, நான் டீ வேணுமான்னு கேக்கறேன்!

— என்னை என்னதான் பண்ணச் சொல்ற? வண்டி கெட்டுப்போச்சுன்னு நாலு நாளு ஊட்டுல இருக்கறேன். வர்றவங்க எல்லாம் வண்டி எப்புடி இருக்குது பாய்னு கேக்கறாங்க. கண்ணு கெட்டுப்போச்சுன்னு ஒக்காந்தா என்ன கேப்பாங்க? கட்டில்ல ஒக்கார வெச்சு, தட்டக் கையில குடுத்து, பாவம் பாய்ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போவாங்க. இருபத்தாறு வயசுல இந்த ஸ்டியரிங்கப் புடிச்சேன். இதுல இருந்து நானா எறங்கறதுக்கு எனக்குத் தைரியம் வரல புள்ள.

— உங்களுக்குத் தைரியம் வர்ற வரைக்கும் புள்ளைங்க வண்டிக்கு முன்னால குனியாம இருக்குமா?

— பல்ப எடு.

— என்னங்க!

— வாக்குக் குடுத்துப்போட்டேன். ஆட்டோ வராது. ஒம்பது புள்ளைங்க பள்ளிக்கூடத்துக் கேட்டு முன்னால நிக்கும். மணி என்ன?

— ரெண்டே முக்காலாகப் போகுதுங்க.

— போல்ட்ட லூசு பண்ணீட்டேன். எரியறப்ப சொல்லு.

— மாட்டேனுங்க.

— ரம்ஜானு, எரியுதா?

— அது அப்பவே எரிஞ்சுபோட்டுதுங்க. நீங்க ரெண்டாவது தடவ இப்பன்னு கேட்டீங்களே, அப்பவே நல்லா எரிஞ்சுது. நான் இல்லீன்னேன். எரியாத எடத்துல வந்து எரியுதுன்னேன். ஞாயித்துக்கெழம பாயிண்ட் மாத்துனப்பவும் அப்படித்தான். அதுக்கப்பறம் தெனமும் சாயந்தரம் பொழுதோட நீங்க பல்பக் கையில குடுக்கறப்பல்லாம் அப்படித்தான். தொழுது எந்திரிச்ச வாயாலயே பொய் சொன்னேன். வண்டி கெளம்பலீன்னு நீங்க காலைல தலைல கைய வெச்சு ஒக்கார்றப்ப, உள்ள போயி அழுதுபோட்டு, புள்ளைங்க தப்பிச்சுதுன்னு அல்லாவுக்குச் சுக்குரு சொன்னேன். போதுமா?

— போதும். ஸ்பேனரக் கீழ வெச்சுட்டேன்.

— திட்டுங்க. நாலு நாளைக்குப் பேசாம இருங்க. ஆனா அந்த முன் சீட்டுல நான் இனி ஏற மாட்டேன். உங்க கண்ணா இருந்து இருந்து எனக்குப் பயத்துல பைத்தியம் புடிச்சுரும். நான் ஓடிப்போயித் திருமூர்த்தி தம்பிகிட்ட ஆட்டோவையே அனுப்பச் சொல்லிப்போட்டு வாரேன்.

— போயி என்ன காரணஞ் சொல்லுவ?

— உங்க கண்ணப் பத்தி வாயத் தொறக்க மாட்டேனுங்க, பயப்படாதீங்க. வண்டியக் கெடுத்தது நாந்தான்னு சொல்லுவேன். பாயம்மாவுக்குப் புத்தி பெசகிப்போச்சுன்னு நெனைச்சுட்டுப் போகட்டும்.

— நில்லு.

— கைய உடுங்க, நேரமாச்சு.

— ஒரு நிமிசம் நில்லு புள்ள. ஞாயித்துக்கெழம நீ பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும். பாயிண்ட் தொறக்கறப்ப டிக்குனு ஒரு சத்தம் வரும். உனக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும். பல்பெல்லாம் எனக்கு எதுக்கு?

— அப்பறம் எதுக்குங்க தெனமும் என்னை நிறுத்தி வெச்சுக் கேட்டீங்க?

— ஒரு நாளாவது பல்பக் கீழ போட்டுப்போட்டு, போதும் எறங்குங்கன்னு சொல்ல மாட்டியான்னுதான்.

— யா அல்லா.

— நீ பொழுதோட தெருக்கொழாய்க்குத் தண்ணி புடிக்கப் போவியே, அந்த நேரத்துல நானே காதுல கேட்டுச் சரி பண்ணி வெச்சேன். தப்பா வெச்ச இஞ்சின உட்டுட்டு என்னால சோறு திங்க முடியாது. ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகி அத்தன அமைதியா ஓடுச்சு. கொஞ்ச நேரம் கேட்டுட்டிருந்துபோட்டு நிறுத்தீருவேன். நாலு நாளும் அப்படித்தான்.

— சரியா இருந்த வண்டி அப்பறம் எப்புடிங்க காலைல கெளம்பாமப் போச்சு?

— தம்பிகிட்டச் சொல்றதுன்னா எம் பேரச் சொல்லு ரம்ஜானு. விடியால பள்ளிவாசலுக்குப் போறதுக்கு முன்னால, நாலு நாளும் அந்த டிஸ்ட்ரிபியூட்டரத் தப்பாத் திருப்பி வெச்சது நாந்தான்.