டேப் ஒட்ட வேண்டிய இடங்கள்

மதிப்பிற்குரிய துணை ஷெரிஃப் கோட்டிலா அவர்களுக்கு,

துருவே பிடிக்காத பெயிண்ட் என்று ஒன்று கிடையாது. துருவைத் தள்ளிப்போடும் பெயிண்ட்தான் உண்டு. போன மாதம் என் பட்டறையிலிருந்து கிளம்பும்போது, உங்கள் பிக்கப் வண்டியின் அடிப்பாகத்தைச் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அரிக்கிறது, எதைப் பூசலாம் என்று கேட்டீர்கள். என் தம்பி ரெய்னோவின் விபத்துக் கோப்பு அப்போது உங்கள் கையில் இருந்தது. அதை மூடியாகிவிட்டது என்றீர்கள். பெயிண்ட் விஷயத்தை விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுதுகிறேன்.

இந்த வேலையில் முக்கால் பங்கு பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். உப்பைக் கழுவிக் காயவையுங்கள். இரும்பு வெளிறித் தெரியும்வரை தேயுங்கள். அதன்மேல் இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர், அதற்கும் மேல் வண்டிச் சட்டத்துக்கென்று விற்கும் கறுப்புப் பெயிண்ட். கழற்ற முடிந்த சின்ன பாகங்களை என்னிடம் கொண்டுவந்தால் பெயிண்ட் பவுடர் தூவி உலையில் சுட்டுத் தருவேன். பனிமேல் சறுக்கி ஓடும் மோட்டார் பனிவண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கல்லடி, பனிக்கட்டி எல்லாம் தாங்கும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு இரும்பு அழுந்திப் போல்ட் ஏறும் இடத்தில் பெயிண்ட் படக்கூடாது. வெப்பம் தாங்கும் டேப்பை வட்டமாக வெட்டி அங்கே ஒட்டிவிட்டுத்தான் பவுடர் தூவ வேண்டும். இல்லையென்றால் ஓட்டத்தின் அதிர்வில் பெயிண்ட் நசுங்கும், பிடிப்பு போய்விடும். நட்டு கொஞ்சம்கூடத் திரும்பியிருக்காது, ஆனால் தளர்ந்திருக்கும்.

இருபத்தாறு வருடத்தில் எந்த வண்டிக்கும் நான் இதை மறந்ததில்லை. ரெய்னோவின் பனிவண்டிக்கும் மறக்கவில்லை. ஒட்டாமல் விட்டேன்.

அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா போனார். அப்பா அதற்கு முன்பே இல்லை. நான்தான் வளர்த்தேன். இதை நியாயம் கேட்டு எழுதவில்லை, வரிசை விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன். தொலைவில், வயோமிங்கில், பனிவண்டி செய்யும் கம்பெனி ஒன்று புது வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஆள் தேடியது. பிப்ரவரியில் நம் உறைந்த ஏரிமேல் நடக்கும் பந்தயத்துக்கு அவர்கள் ஆள் பார்க்க வருவதாக இருந்தது. சௌனா நீராவி அறையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தபோது ரெய்னோ அதைச் சொன்னான். வண்டியின் முன் சட்டத்துக்குப் பூச்சு எப்போது முடியும் என்று கேட்டான். பத்து நாள் ஆகும் என்றேன்.

"நீ ஒரு பூச்சு பூசறதுக்குள்ள நான் வயோமிங் போய், கல்யாணம் பண்ணி, புள்ளையே பெத்துருவேண்ணா."

நானும் சிரித்தேன்.

அவன் தோற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறொன்றும் இல்லை. வியாழன், வெள்ளி பயிற்சி ஓட்டத்திலேயே முன் சறுக்குப் பட்டைகள் ஆட ஆரம்பிக்கும், அவன் வேகத்தைக் குறைப்பான், ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வருவான். நாற்பது மைல் ஓடினால் தளரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பாகங்களைப் பூட்டியவன் டுவேன் ஹௌட்டலா, ரெய்னோவின் பள்ளிக்கூட நண்பன், மெக்கானிக். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்சு வைத்து இறுக்கி, அளவைச் சத்தமாகச் சொல்லி, நட்டுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து மஞ்சள் கோடு போட்டான். நட்டு திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். பந்தயத்தன்று காலையில் ரெய்னோ குனிந்து பார்த்தான். கோடுகள் நேராக இருந்தன.

பயிற்சி முழுவதும் ஒன்றும் ஆகவில்லை. பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், தீவுப் பக்கத் திருப்பத்தில் இடது பட்டை உள்பக்கம் மடங்கியது. மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆடிய பாகங்கள் நடுவில் இருந்த பெயிண்டை அரைத்துத் தின்றுவிட்டதால் நீங்கள் பார்த்தபோது அங்கே வெறும் இரும்புதான் இருந்தது. தளர்ந்த போல்ட்டுகளைப் பார்த்தீர்கள், டுவேனைக் கேட்டீர்கள். இறுக்கினேன் என்று மூன்று முறை சொன்னான். நான்காவது முறை, நினைவில்லை என்றான். அவனுக்கு நான்தான் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

டுவேன் தன் பட்டறையை மூடிவிட்டான். இரண்டு குளிர்காலமாக, தினமும் காலையில் வந்து, ரெய்னோவின் சக்கர நாற்காலி இறங்கும் சரிவில் பனியை வழித்துவிட்டுப் போகிறான். ஒருநாள் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னான்:

"இறுக்கினேன்னு என் கை சொல்லுதுண்ணே. வண்டி வேற சொல்லுது. நான் வண்டியத்தானே நம்பணும்?"

ஆமாம் என்றேன்.

வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ரெய்னோவைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, சனிக்கிழமை சௌனாவில் சாய்த்து உட்காரவைப்பது எல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. அவன் தானாகச் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நேரமாகும் என்று நானே போட்டுவிடுகிறேன்.

போன வாரம் காலைச் சாப்பாட்டின்போது, டுவேன் வீட்டுக்கே போய் இருக்கப் போவதாக ரெய்னோ சொன்னான்.

"கதவெல்லாம் எனக்காக அகலமா வெட்டிப்புட்டான், பைத்தியக்காரன். குளிர்ல வீடே வெடவெடங்குது. ஆனாலும் போறேண்ணா. இங்க நீ என்னைப் பெயிண்ட் டப்பா மாதிரி அலமாரியில வெச்சிருக்க."

"காயாம இருக்கணும்னா மூடித்தான் வெக்கணும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நாற்காலியோடு ஆளைத் தூக்கி ஏற்றும் பழைய வேன் ஒன்றை டுவேன் வாங்கியிருக்கிறான். அதன் லிஃப்ட் கைகள் இரண்டும் துரு. நேற்று கழற்றிக் கொண்டுவந்தான். "நீ பூசினாத்தான் எனக்கு நிம்மதிண்ணே. இந்தத் தடவ ரெண்டு வாட்டி இறுக்கறேன்" என்றான்.

அவற்றில் போல்ட் ஏறும் இடங்கள் நான்கு. இன்று காலை டேப்பில் நான்கு வட்டம் வெட்டிவைத்தேன். மேசையில்தான் இருக்கின்றன. எடுக்கப் போனேன், கை திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. பிறகு பவுடர் தூவினேன். இதை எழுதும்போது பாகங்கள் உலையில் இருக்கின்றன. ஆறியபின் அந்த நான்கு இடத்தையும் அரைத்து எடுத்துவிடலாம், அரைமணி நேர வேலை. செய்வேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

இன்று வியாழன். தபால் வண்டி போய்விட்டது. நாளை போட்டால் உங்களுக்குத் திங்கட்கிழமை கிடைக்கும். அவர்கள் சனிக்கிழமை கிளம்புகிறார்கள். தொலைபேசி இருக்கிறது என்பீர்கள். உங்கள் எண்ணும் சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறேன். பேசி எனக்குப் பழக்கமில்லை.

டுவேன் மீது தவறில்லை என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு விபத்துக்கும் சேர்த்து. பயப்பட ஒன்றும் இல்லை. லிஃப்ட் மூன்றடிக்கு மேல் ஏறாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ரெய்னோ வீட்டுக்குத் திரும்பி வரும் அளவுக்குத்தான் அடிபடும்.