முறுக்கு பத்திரமாகப் போக வேண்டும்

நாயைக் காரில் ஏற்றுவதற்கு முன் வயிறு நிறையச் சோறு போடக் கூடாது என்று எனக்கு முதலில் சொன்னது நீங்கள்தான், டாக்டர் சோஃபியா. அன்றிலிருந்து அந்த விதியை நான் மீறியதில்லை. வால் சுருண்டிருப்பதால் எங்கள் நாய்க்கு முறுக்கு என்று பெயர். அவனை முன் சீட்டில் உட்கார வைக்க மாட்டேன். பின் சீட்டில், மார்பைச் சுற்றி வார் போட்டு, பெல்ட்டோடு மாட்டுவேன். ஜன்னல் கண்ணாடி இரண்டு விரல் அளவுக்குத்தான் இறங்கும். அவனுக்கு நீங்கள் எழுதிய மாத்திரை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் மாமனார் சிதம்பரநாதன் தி.நகரில் நாற்பத்தாறு வருஷம் ஜவுளிக்கடை நடத்தியவர். இப்போது என் மைத்துனன் பார்த்துக்கொள்கிறான். இருந்தாலும் ஞாயிறுதோறும் காலையில் மாமா கடையில் போய் உட்கார வேண்டும். அபிராமபுரத்திலிருந்து அழைத்துப் போவது நான். பின் சீட்டில் அவரும் முறுக்கும்.

மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுப்பார். வாரைக் கழற்றியும் விடுவார். "வாயில்லா சீவன், கட்டிப் போட்டா பாவம்லா மாப்ள." தேனாம்பேட்டையில் ஒருநாள், "பிரேக்கு, பிரேக்கு, பாத்துப் போகப்பிடாதா?" என்று கத்தினார். மிதித்தேன். முறுக்கு முன் சீட்டில் மோதி உதடு கிழிந்தது. நீங்கள் இரண்டு தையல் போட்டீர்கள். ஆட்டோ குறுக்கே வந்ததாக உங்களிடம் சொன்னேன். உண்மையில், சாலைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

காரில் பதற்றப்பட்டால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள் என்று அன்று மாத்திரை எழுதினீர்கள். அடுத்த ஞாயிறு கண்ணாடியில் பின் சீட்டைக் கவனித்தேன். முறுக்கு அமைதியாக இருந்தான். மூச்சிரைத்தது, கத்தியது, சீட்டைப் பிறாண்டியது, ஜன்னலில் மூக்கை ஒட்டியது எல்லாம் மாமா. நீங்கள் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் பொருந்தின.

எடைக்குத் தகுந்த அளவு என்றீர்கள். மாமாவின் எடைக்குக் கணக்குப் போட்டு, காலைக் காபியில் பொடித்துக் கலந்தேன். சர்க்கரை தூக்கலாகக் குடிப்பவர். ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. முறுக்கு அவர் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு வந்தான். வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாகக் கார் ஓட்டியதில்லை. "அப்பா இன்னிக்கு சமத்தா வந்தாங்களாமே" என்று என் மனைவி மணிமொழிக்குச் சந்தோஷம்.

பிறகு சில காரியங்கள் நடந்தன. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால் மாமா தூங்கி விழுந்தார். பழைய வாடிக்கையாளரின் பெயர் அவர் நாக்கில் வரவில்லை. மைத்துனன் கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். மூளை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அன்றும் ஓட்டியது நான்தான் என்பதால், முன்னெச்சரிக்கையாகக் காபி கொடுத்தேன். இன்று என்ன கிழமை என்று அந்த டாக்டர் கேட்டதற்கு மாமா வெகுநேரம் யோசித்தார்.

திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "மாப்ள, எனக்குப் புத்தி பேதலிச்சிட்டோ?"

"வயசானா வர்றதுதான் மாமா. நாங்க இருக்கோம்ல."

பின்னாலிருந்து கையை நீட்டி என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

எனக்கும் மனசு இருக்கிறது. அடுத்த வாரம் பாதியாகக் குறைத்தேன். பனகல் பூங்கா அருகே கண்ணைத் திறந்து, "லெஃப்ட்ல பஸ்ஸு" என்றார். மறுவாரம் முழுசாகவே போட்டேன்.

அடுத்த மாத்திரை அட்டை எழுதுமுன் நாயை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அது முடியாது. பொங்கலுக்கு வந்த என் மகள் முறுக்கைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போய்விட்டாள். மூன்று மாதமாகக் காரில் மாமாவும் நானும் மட்டும்தான். ஆனால் அவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம், டாக்டர். வரும்போது கார் அவனுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டாமா?