மாத்திரை தணித்த காய்ச்சல்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தியாகிகளின் திருத்தலம் நோக்கி நடக்கப் புறப்பட்டிருக்கும் பயணிகளே, எல்லை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, என்னைப் பெற்றவளைப் போன்ற தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். இன்று யாருக்கும் நான் கைகொடுக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மைக்கைக் கிட்ட வச்சிப் பேசும்மா, கொசு முனகுற மாதிரி இருக்கு!" என்கிறார் உபதேசியார் முஹிந்தோ. வைக்கிறேன் ஐயா. ஓராண்டாக முனகக்கூட முடியாமல் இருந்த சேதி இது.

என் பெயர் கபூகோ. பாலம் முடியுமிடத்தில், வருபவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கும் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு இதே வாரம், அக்கரையிலிருந்து என் சின்னம்மா வந்து நின்றார். மகள் பிரசவத்தில் பிழைத்தால் திருத்தலத்துக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவர்.

"உடம்பு கொதிக்குதே சின்னம்மா?"

"நடந்து வந்த சூடுடி. ரெண்டு மாத்திரை குடு. சாவடியில திருப்பி அனுப்பிட்டான்னா நேர்த்திக்கடன் பேத்தி தலையில விழும். நீ மருந்து விக்கிறவளா, போலீஸ்காரியா?"

சிரித்தேன். கொடுத்தேன். ஒரு மணி நேரம் கடையிலேயே உட்கார வைத்தேன். சாவடியில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிச் சூடு பார்த்தார்கள், சூடு இல்லை. "போங்கம்மா, எங்களுக்கும் வேண்டிக்குங்க" என்று வழிவிட்டார்கள்.

வீட்டில் இதுங்கு என்னும் என் தங்கை நம் வழக்கப்படி சின்னம்மாவின் கால்களைக் கழுவினாள். உடைந்த கொப்புளங்களை வெறுங்கையால் துடைத்தாள். ஆசி என்று அந்த நீரைத் தன் முகத்திலும் தடவிக்கொண்டாள். அன்றிரவு சின்னம்மா வாந்தியெடுக்கையில் தலையைத் தாங்கியவளும் அவளே. மூன்றாம் நாள் சின்னம்மா இறந்துபோனார். அது எபோலா, தொட்டாலே தொற்றும் என்றார்கள். ஒன்பதாம் நாள் தங்கைக்குக் காய்ச்சல். முகம் மூடிய மனிதர்கள் அவளைப் புதைத்தார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

"சின்னம்மா கொண்டாந்த நோவுக்கு நீ என்னம்மா பண்ணுவ?" பின்வரிசையிலிருந்து கேட்கிறீர்கள். தாயே, சாவடியில் அந்தக் கருவி காய்ச்சலைக் கண்டுபிடித்திருக்கும். கண்டுபிடிக்காமல் செய்தது யார்? ஆறா? பாலமா? பக்தியா? இந்தக் கை, தாயே. இந்தக் கை!

இன்று காலை பதினொரு பேர் என்னிடம் அதே மாத்திரை கேட்டார்கள். இல்லை என்றேன். "தங்கச்சி செத்ததுல புத்தி கலங்கிடுச்சு" என்று சொல்லிப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களை அவமானப்படுத்த வரவில்லை. கெஞ்ச வந்திருக்கிறேன். காய்ச்சல் உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள். நேர்த்திக்கடன் ஓராண்டு காத்திருக்கும். தங்கைகள் காத்திருக்க மாட்டார்கள். எழுந்து நில்லுங்கள்.

ஒருவருமா இல்லை?

சரி. தாய்மார்களே, நீங்களாவது இந்த ஆண்டு யார் பாதத்தையும் தொடாதீர்கள்.

"வந்தவங்க காலக் கழுவாம எப்படிம்மா சோறு போடுறது?"

தெரியவில்லை தாயே. எனக்கும் தெரியவில்லை. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பந்தலுக்குப் பின்னால் கால்மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது.

கேட்டவர்களுக்கு நன்றி. கேளாதவர்களுக்கும் என் வணக்கம்.