கோர்ட்டு வாசல் வெள்ளை மாடு

அலிப்பூர் டிராமில் என் முன் பெஞ்சில் தலைப்பாகை கட்டிய இரண்டு தமிழ் குமாஸ்தாக்கள்.

“இன்னிலேர்ந்து எந்த நிமிஷத்துல இருக்கேனோ, அதுல மட்டும்தான் இருக்கப்போறேன் ஓய்,” என்றார் ஒல்லியானவர்.

பருத்தவர் சீறினார். “உமக்கென்ன! இன்னிக்கும் லேட்டாப் போனா துரை என் சீட்டைக் கிழிச்சுடுவான். நேத்து திட்டினதே இன்னும் காதுல இருக்கு. நாளைக்கு எவன் வேலை குடுப்பான்? ஐயோ, கோர்ட்டு வந்துடுத்தா?”

“அப்பவே போயிடுத்து. வாசல்ல வெள்ளை மாடு படுத்திருந்தது. என்ன அழகு!”

“பார்த்தீரா? சொல்லித் தொலைக்கப்படாதா?”

“நீர் பேசிண்டிருந்தீர், நான் கேட்டுண்டிருந்தேன். ஒரு நேரத்துல ஒரு வேலைதான் ஓய்.”

பருத்தவர் ஓடும் டிராமிலிருந்து குதித்து, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஒல்லிப் பாவியைத் திட்டிக்கொண்டே நானும் குதித்தேன். எனக்கும் அதே கோர்ட்டுதான்.