பழைய ஸ்டேஷனிலிருந்து ஒரு பதில்

இரவு இரண்டு மணி பத்து நிமிடம்.

ஊரைத் தாண்டிப் போகிற சாலை. இருபுறமும் பொட்டல். வீடு இல்லை, கடை இல்லை, எதிரே ஒரு லாரிகூட வரவில்லை. ஒரே ஒரு வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். ஓட்டியவர் ஒரு டெக்னீஷியன். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் ஆபீஸில் அவருக்கு ஏணி என்று பெயர். பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவர் என் நண்பனின் அண்ணி.

அண்ணியை எனக்கு நன்றாகத் தெரியும். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. கரப்பான்பூச்சியைக் கையால் பிடித்து ஜன்னல் வழியாக வெளியே விடுகிறவர். அதனால்தான் அவர் சொன்னதை நம்புகிறேன்... சிரிக்காமல் கேளுங்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியாது.

அண்ணிக்கு வேலை, இணையச் சேவை தருகிற ஒரு கம்பெனியில். வீட்டில் நெட் நின்றுபோனால் போன் போட்டுத் திட்டுகிறோமே, அந்தத் திட்டெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அண்ணியின் மேஜை. கன்ட்ரோல் ரூம் என்பார்கள். எது எந்த வழியாகப் போகவேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பது அங்கேதான். நெட்டில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் கதவு நம்பர் மாதிரி ஓர் எண் உண்டு. எண்ணும் வழியும் சரியாக இருந்தால் அனுப்பியது போய்ச் சேரும். இல்லையென்றால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று வாரமாக ஒரு புகார். புதிதாக ஆட்கள் குடியேறிய ஒரு காலனி. தினமும் ராத்திரி இரண்டு நாற்பதுக்கு அங்கே நெட் செத்துவிடுகிறது. இரண்டு ஐம்பத்தொன்றுக்குத் தானாகவே உயிர் வருகிறது. பதினோரு நிமிடம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"தூங்குற நேரத்துல நெட் எதுக்குன்னு கேட்டுடாதீங்க மேடம்," என்றார் புகார் கொடுத்தவர். "எங்கப்பா மூச்சு மெஷின்ல இருக்காரு. அது ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்றதே உங்க நெட்லதான். அந்தப் பதினோரு நிமிஷமும் நானும் என் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி அவர் நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

அண்ணி தோண்டிப் பார்த்தார். காலனிக்குக் கொடுத்திருந்தவை புது எண்கள் அல்ல. எண்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. மூடின இடத்தின் எண்களை எடுத்து வேறு இடத்துக்குக் கொடுப்பது கம்பெனியில் வழக்கம். இவை பழைய ஸ்டேஷன் ஒன்றின் எண்கள். ஸ்டேஷன் என்றால் ரயில் வருகிற இடம் இல்லை. கேபிள்கள் வந்து சேர்ந்து பிரிந்து போகிற ஒற்றை அறைக் கட்டடம். இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

மணி இரண்டு நாற்பதானால், காலனியின் எண்ணைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கருவி எழுந்துகொள்கிறது. 'அது நான்தான்' என்கிறது. காலனிக்குப் போகவேண்டியதெல்லாம் அதன் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த வழியைப் பிடித்துக்கொண்டே போனால்... பழைய ஸ்டேஷனில் போய் முடிகிறது.

ஆனால் அங்கே கருவி என்று எதுவுமே இல்லை. கேபிளைக்கூட வெட்டிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுருட்டியவரே ஏணிதான்.

"எவனோ திருட்டு லைன் போட்டிருக்கான் மேடம்," என்றார் ஏணி, வேனை ஓட்டிக்கொண்டே. "இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிச்சிடலாம்."

அண்ணி லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணிக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஸ்டேஷனில் இரவு வேலைக்கு ஒருவர் இருந்தார். நெஞ்சு வரை தாடி. சாமியார் என்று கூப்பிடுவார்கள். பெயர்தான் சாமியார், வாயைத் திறந்தால் ஒரே நக்கல். ஏணியும் அவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் ராத்திரி அங்கே பேட்டரிகள் கருகிப் புகை சூழ்ந்துவிட்டது. கதவு இறுகிக்கொண்டது. அப்போதும் சரி, இப்போதும் சரி, அந்தப் பொட்டலில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. சுவரில் ஓர் ஆபீஸ் போன் மட்டும். நான்கு பட்டன் அழுத்தினால் கன்ட்ரோல் ரூம். அந்த போனும் கம்பெனியின் நெட் வழியாகத்தான் பேசும்.

காலையில் ஏணி போய்க் கதவை உடைத்தார். சாமியார் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கையில் ரிசீவர்.

விபத்து என்று எழுதி ஃபைலை மூடினார்கள். புகை சூழ்ந்த முதல் பத்து நிமிடத்தில் தகவல் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதையும் அதிலேயே எழுதி மூடினார்கள்.

அந்த இரவு கன்ட்ரோல் ரூமில் இருந்தது அண்ணி. இரண்டு நாற்பதுக்கு ஒரு வழியை மாற்றிக்கொண்டிருந்தார். ஆறு என்று அடிக்கவேண்டிய இடத்தில் ஒன்பது. அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து கிளம்பியதெல்லாம் இல்லாத ஓர் இடத்துக்குப் போய் மறைந்தது. இரண்டு ஐம்பத்தொன்றுக்குப் பிழை கண்ணில் பட்டது. திருத்தினார். எழுந்துபோய் டீ குடித்தார். விடிந்த பிறகு செய்தி வந்தது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டரில் பதிவாகிற லாகை யாருக்கும் தெரியாமல் திறந்து இரண்டு வரிகளை அழித்தார். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

இப்போது அந்த அண்ணிதான் வேனில் போய்க்கொண்டிருக்கிறார்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஸ்டேஷன் வந்தது. ஏணி பூட்டைத் திறந்தார். கதவு தரையில் உரசிக்கொண்டே... கர்ர்ர்... பாதி திறந்து நின்றது. உள்ளே காலி. டார்ச் வெளிச்சத்தில் தூசி மட்டும் பறந்தது. பேட்டரி அமிலத்தின் புளித்த வாடை. அதற்கும் அடியில், கருகின ரப்பர் வாடை. இரண்டு வருடமாகியும் போகவில்லை. சுவர் முழுக்கக் கரி. ஒரே ஓர் இடத்தில் மட்டும், கைக்கெட்டுகிற உயரத்தில், சதுரமாக வெள்ளை. போன் மாட்டியிருந்த இடம்.

"ஒண்ணுமே இல்லையே மேடம்," என்றார் ஏணி. ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அண்ணி தரையில் லேப்டாப்பை வைத்தார். வேனில் வரும்போதே காலனியின் எண்ணைத் தட்டிப் பார்க்கும்படி விட்டிருந்தார். கதவைத் தட்டுவது போலத்தான். இங்கிருந்து ஒரு தட்டு போகும், கருவி உயிரோடு இருந்தால் திருப்பித் தட்டும். பதில் வர எவ்வளவு நேரமோ, அவ்வளவு தூரத்தில் அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சாலை திரும்பும்போதே சிக்னல் போய்விட்டது. 'பதில் இல்லை... பதில் இல்லை...' என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப் இப்போது எதோடும் சேர்ந்திருக்கவில்லை. கேபிள் இல்லை, சிக்னல் இல்லை.

இரண்டு முப்பத்தொன்பது.

இரண்டு நாற்பது.

பதில் வந்தது.

நாற்பது மில்லி செகண்ட். எங்கோ தொலைவில். அண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்த வரி... இருபத்தொன்று. அடுத்தது ஒன்பது. மூன்று. அடுத்த வரி, ஒன்றுக்கும் கீழே. அவ்வளவு சீக்கிரம் பதில் வரவேண்டுமென்றால் அது இந்த அறைக்குள் இருக்கவேண்டும்.

டிக்.

சுவரிலிருந்து ஒரு சத்தம். பட்டன் அழுத்துகிற சத்தம்.

டிக்... டிக்... டிக்.

நான்கு. பிறகு அமைதி. மறுபடி நான்கு. வெள்ளைச் சதுரத்திலிருந்துதான் வந்தது. அங்கே ஆணி அடித்த ஓட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடி நான்கு... இந்த முறை வேகமாக. மறுபடியும். அழுத்துகிறவருக்கு அவசரம் கூடிக்கொண்டே போனது. சத்தத்துக்கு நடுவே, மூச்சுக்குத் திணறுகிற மாதிரி ஓர் இழுப்பு.

"மேடம், வெளிய வாங்க..." ஏணி அண்ணியின் தோளைப் பிடித்து இழுத்தார். அண்ணி நகரவில்லை.

"அண்ணே," என்றார் சுவரைப் பார்த்து. "லைன் கிடைக்காதுண்ணே. எவ்வளவு அடிச்சாலும் கிடைக்காது. நான்தான் வழியத் தப்பா மாத்திட்டேன். ஒரே ஒரு நம்பர். அப்புறம்... அத மறைச்சுட்டேன். நீங்க கூப்பிட்டது யாருக்குமே வந்து சேரலண்ணே. என்னாலதான்."

டிக்... டிக்... டிக்...

நான்காவது வரவில்லை.

லேப்டாப்பில் மணி இரண்டு நாற்பத்தாறு. 'பதில் இல்லை' என்று வந்தது. பிறகு வரிக்கு வரி அதுதான்.

அண்ணி திரும்பினார். டார்ச்சைத் தரைப் பக்கம் கவிழ்த்தபடி ஏணி நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை.

ஊர் விளக்குகள் தெரிகிற வரை அவர் வேனை விரட்டிக்கொண்டு வந்தார். பிறகு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அவன் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் அந்த ரிசீவர எடுத்தேன். தெரியுமா உனக்கு?"

ஏழு வருடமாக மேடம், நீங்க என்று பேசியவர். அந்த 'உனக்கு' அண்ணிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பேயைவிட அதற்குத்தான் அதிகம் நடுங்கினேன் என்றார்.

விடிந்ததும் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் பெரிய சண்டை. "ரெண்டு வருஷம் எங்கூட ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எப்படிச் சொல்லாம இருந்த?" என்று நண்பனின் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தாராம். காலனியில் அன்றோடு நெட் நிற்பது நின்றுபோனது. மூச்சு மெஷின்காரர் மகன் நன்றி சொல்லி ஆபீஸுக்கு போன் செய்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சாமியாரின் மனைவி. நேரில் போக அண்ணிக்குத் தைரியம் வரவில்லை. நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். மன்னிப்பு கேட்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, போலீஸுக்குப் போவதானாலும் போங்கள், நான் எங்கேயும் ஓடமாட்டேன் என்று முடித்துத் தபாலில் போட்டார்.

நான்காம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"நான்தாம்மா, அவரோட வீட்டுக்காரி." திட்டுகிற குரல் இல்லை. அழுகிற குரலும் இல்லை. வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி ஒரு குரல். "கடிதாசி நேத்து வந்துச்சு."

அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ராத்திரி அவரு கூப்பிட்டாரும்மா. இப்பதான் லைன் கிடைச்சுதுன்னாரு."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மொத்தக் கடிதாசியையும் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். நாலு பக்கமும். நடுவுல ஒரு வார்த்தை பேசல. மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. முடிச்சதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு."

"என்ன... என்ன கேட்டாரு?"

"உங்க வீட்டு அட்ரஸ். கவர்ல எழுதியிருந்தீங்கள்ல, அதப் பாத்து நிதானமாச் சொன்னேன். கதவு நம்பரு, தெரு, ரெண்டாவது மாடி, எல்லாமே. எழுதிக்கிட்டாரும்மா... பேனா உரசற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு."