இரண்டாவது பரிசோதனை

காபி நன்றாகவே இருக்கிறது, சார். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டிகாக்‌ஷன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் பெயர் அரவிந்தவல்லி. ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியில் இருக்கிறேன்; குடும்பம் கிடையாது. இருபத்தெட்டு வருஷமாகத் திருச்சியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் வித்துகளைப் பரிசோதிக்கிறேன். ஈரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, அந்த எண்ணெயில் என்னென்ன அமிலம், கலப்படம் உண்டா. என் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசி ஓடுவதால் தேவையில்லை என்று கட்டும்போதே விட்டுவிட்டார்கள்.

நான் வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் நான்கு பேர். நால்வரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாவதாக வந்தவள் பவித்ரா. அப்பா அம்மா இல்லை; உறையூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். நல்ல கண் அவளுக்கு. கடுகு வழவழவென்று இருக்கும். விஷமுள்ள பிரம்மதண்டுச் செடியின் விதையும் அதே கறுப்புதான், ஆனால் மேலே வலை போட்டதுபோல் நுண்ணிய குழிகள். லென்ஸ் இல்லாமலே அவள் பிரித்துவிடுவாள். மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம்.

பிப்ரவரியில் அவளுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. அங்கே கடுகின் இனமான ரேப்சீட் வயல்வயலாக விளைகிறதாம். அதைப் பரிசோதிக்கும் கூடம்.

"ஏப்ரல்ல கிளம்பணும் மேடம். உங்களாலதான் கிடைச்சுது," என்று ஸ்வீட் கொடுத்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஓர் எண்ணெய் மில்லிலிருந்து பரிசோதனைக்கு ரேப்சீட் விதை வந்தது. வடக்கேயிருந்து கட்டிட வேலைக்கு வந்தவர்கள் சமையலுக்குக் கடுகெண்ணெய் கேட்கிறார்கள் இல்லையா, அவர்களுக்காக ஆட்டுவது. பவித்ரா எண்ணெயைப் பிரித்து நைட்ரிக் அமிலம் விட்டுக் குலுக்கினாள்.

"மேடம், சிவப்பா வருது. பிரம்மதண்டு கலந்திருக்கு. நீங்களே பாருங்க."

பார்த்தேன். ரத்தச் சிவப்பு. அவ்வளவு தெளிவாக நான் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை.

"குழாயைச் சரியாக் கழுவலை போலிருக்கு. மறுபடி பண்ணும்மா. விதையை நான் எடுத்துத் தரேன்," என்றேன்.

முந்தின மாதம் மிஞ்சியிருந்த சுத்தமான விதையைக் கொடுத்தேன். சிவப்பு வரவில்லை.

அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான்தான் தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"அவசரம். கனடாவுல இப்படிப் பண்ணினா மன்னிக்க மாட்டாங்க."

முதல் முடிவை அவள் எழுதியிருந்த தாளை நோட்டிலிருந்து கிழித்தேன். புதிய தாளில் 'கலப்படம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை நானே தவறைக் கண்டுபிடித்ததுபோல் காட்டி, நீ இன்னும் தயாராகவில்லை என்று புரியவைப்பதுதான் என் எண்ணம். ஆனால் அன்று சாயங்காலமே மில்காரர் வந்து ரிப்போர்ட்டை வாங்கிப் போய்விட்டார். ஒரு போன் போதும். நான் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது.

நான்காவது வாரம் பேப்பரில் வந்தது. கைலாசபுரம் போகிற வழியில் கட்டிட வேலை செய்தவர்கள் பதினான்கு பேருக்குக் கால் வீக்கம், மூச்சுத் திணறல். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன், சார். யாரும் தடுக்கவில்லை. ஜைத் என்று ஒரு தச்சர்.

"செருப்பு போகல அக்கா," என்று காலைக் காட்டினார்.

கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இன்ன விஷம் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். எதனால் என்று அவர்கள் கண்டுபிடிக்க ஆறு நாள் ஆனது. அதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். ஜைத் இரண்டாவது.

ரிப்போர்ட்டில் இருந்த கையெழுத்து பவித்ராவுடையது. முதலில் சிவப்பு வந்தது, மேடமும் பார்த்தார் என்று அவள் உங்களிடம் சொன்னாள். எனக்கு நினைவில்லை என்று நான் சொன்னேன். அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அண்ணி வீட்டுக்குள் விடவில்லை. நான்தான் அழைத்து வந்தேன். இரண்டு மாதமாக என் மாடியறையில் இருக்கிறாள். நான் கதவைப் பூட்டுவதில்லை. அவளாகவே வெளியே வருவதில்லை. தலைவாரிவிட்டு, தோசை வார்த்துக் கொடுப்பேன். "உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல மேடம்," என்கிறாள்.

நாளை அவளைக் கைது செய்யப் போவதாக உங்கள் ஏட்டு சொன்னார். அதனால்தான் வந்தேன். கிழித்த தாள் இந்தக் கவரில் இருக்கிறது, அவள் கையெழுத்தில். எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் வேண்டும், சார். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். மேடம் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தால் போய்விடுவாள்.